வெல்லம் போடுவதற்கு முன்னால்

பொங்கல் முடிந்த வாரத்துத் தபாலில் பாதிக்கு மேல் இன்னும் பல் முளைக்காதவர்களைப் பற்றித்தான்!

கே: பேத்திக்கு ஆறரை மாதம். அவளுக்கு இது முதல் பொங்கல். சர்க்கரைப் பொங்கலில் ஒரு வாய் ஊட்டலாம் என்கிறேன் நான்; கூடாது என்கிறாள் மகள். நீங்கள் யார் பக்கம்?
– ஒரு பாட்டி, கீழ உத்தர வீதி, ஸ்ரீரங்கம்

ப: பானையின் பக்கம். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, வெல்லப்பாகு பக்கத்தில் காத்திருக்கும் அந்த நிமிஷத்தில் ஒரு கரண்டி தனியாக எடுத்து வையுங்கள். நன்றாக மசித்து, உருக்கின நெய் அரை டீஸ்பூன் விட்டால் பேத்தியின் பொங்கல் தயார். அதே பானை, அதே அடுப்பு, அதே குலவை. பிறகு வெல்லம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சுகர் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மகள் சொல்வதும் சும்மா இல்லை. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை சர்க்கரை மிகுந்த பண்டங்கள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது. இனிப்பே அறியாத குழந்தை என்று பரிதாபப்படவும் தேவையில்லை. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ். பசும்பாலில் அவ்வளவு கிடையாது. ஆறு மாதமாக அவள் தித்திப்பில்தான் வளர்ந்திருக்கிறாள். கீரையும் பருப்பும்தான் இன்னும் அறிமுகமாகவில்லை.

கே: வெள்ளைச் சர்க்கரைதானே விஷம்? வெல்லம், பனங்கற்கண்டு எல்லாம் இயற்கை ஆயிற்றே!
– இயற்கை ஆர்வலர், உறையூர்

ப: வெல்லத்தில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். சட்டை மாற்றிக்கொண்டு வந்தால் ஆளைத் தெரியாதா என்ன?

கே: பிறந்த அன்றே தேன் தொட்டுச் சேனை வைத்தோம். வைத்தவர் குணம் குழந்தைக்கு வரும் என்று, குடும்பத்திலேயே சாந்தமான சித்தப்பாவைத் தேடிப் பிடித்தோம். இப்போது குழந்தைக்கு எட்டு மாதம். கூழில் தேன் கலக்கலாமா?
– புது அம்மா, தில்லைநகர்

ப: வேண்டவே வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு விளையாட்டு வராது. தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவற்றால் தலையெடுக்க முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரந்துவிடும்: மலச்சிக்கல், துவண்ட கழுத்து, பால் உறிஞ்சத் தெம்பில்லாத வாய், முற்றினால் மூச்சே திணறும். அரிதாக வருவதுதான், வந்தால் ஆஸ்பத்திரிவாசம். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகும் என்று நம்ப முடியாது. மலைத்தேன், கொம்புத்தேன், சுத்தமான தேன் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்.

சித்தப்பாவின் குணம் வர வேண்டுமானால் குழந்தையைத் தினமும் அவர் மடியில் அரை மணி நேரம் போடுங்கள். அவர் எவ்வளவு சாந்தம் என்பதும் தெரிந்துவிடும்.

கே: உப்பும் இல்லாமல் வெல்லமும் இல்லாமல் ஒரு ஜீவன் எப்படி ஐயா சாப்பிடும்?
– ஒரு தாத்தா, திருவானைக்காவல்

ப: கும்பகோணம் பக்கத்தில் ஒப்பிலியப்பனைக் கேட்டுப் பாருங்கள். உப்பைப் பொறுத்தவரை காலங்காலமாக அவர் சமாளிக்கிறார்.

கே: கோயில் பிரசாதத்துக்குமா தடை? அக்காரவடிசல் ஒரு விரல் நுனி, அரவணை ஒரு பருக்கை?
– பக்தை, அடையவளைந்தான் வீதி

ப: வெல்லத்தை விடுங்கள். மடப்பள்ளி இனிப்பில் பச்சைக் கற்பூரம் சேர்ப்பதுண்டு. நமக்கு வாசனை, கைக்குழந்தைக்குக் கொஞ்சம் கூடினாலும் வலிப்பு வரவழைக்கக்கூடிய சரக்கு. முழு முந்திரி தொண்டையில் அடைக்கும். ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்ட நூறு தடா அக்காரவடிசலை ராமானுஜர் செலுத்தி முடித்தார் என்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் குழந்தையின் பாக்கி எதுவும் கிடையாது. பிரசாதத்தைக் குழந்தை கையில் வாங்கி, அம்மா வாயில் போட்டுக்கொள்ளட்டும்.

கே: அப்படியானால் ஊட்டும்படியாக ஒரு இனிப்பும் இல்லையா?
– சோர்ந்துபோன அத்தை, பாலக்கரை

ப: திருச்சியில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? மலைக்கோட்டையில் யார் குடியிருக்கிறார்? காவிரி வெள்ளத்தில் அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்ள, பிரசவ வலியில் துடித்த ரத்னாவதிக்குத் தாயாகவே வந்து நின்ற தாயுமானவர். சுகப்பிரசவம் வேண்டி அவருக்கு நேர்ந்துகொள்வது வாழைத்தார். அதாவது, குழந்தைக்கு முன்பே அதன் இனிப்பு வீட்டுக்கு வந்துவிடுகிறது! நன்றாகக் கனிந்த பழத்தை நார் நீக்கி மசித்தால் போதும். பூவனின் புளிப்பு பிடிக்காவிட்டால் ரஸ்தாளி, அதுவும் கிடைக்காவிட்டால் ஏலக்கி. 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இந்த ஊரில்தான் இருக்கிறது. இதற்குமேல் என்ன சிபாரிசு வேண்டும்? சளி பிடிக்கும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னால், அவர் பங்குக்கும் ஒரு பழம் கொடுத்துவிடுங்கள்.

கே: அங்கன்வாடிச் சத்துமாவிலேயே வெல்லம் இருக்கிறதே! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– வக்கீல் குமாஸ்தா, மணப்பாறை

ப: மடக்கிவிட்டீர்கள். எடை ஏறாத பிள்ளைகளுக்குச் சின்ன வயிற்றில் நிறைய சக்தியைச் சேர்க்கப் பிறந்த மாவு அது. அதை வாங்குகிறவர்கள் நிறுத்த வேண்டாம். கஞ்சியில் மேலும் சர்க்கரை போடாமல் இருந்தால் சரி. வெல்லத்தைக் குறைத்து ஒரு மாவு அரசாங்கமே தந்தால் நான் வரவேற்பேன்.

கே: சின்ன வயதில் சர்க்கரை தராவிட்டால் பின்னால் நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா? எனக்கு எண்கள் வேண்டும்.
– ஒரு பொறியாளர் அப்பா, பெல் குடியிருப்பு

ப: இங்கிலாந்தில் போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டு 2024-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கருவிலும் முதல் இரண்டு வருஷமும் ரேஷனில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஆபத்து சுமார் 35 சதவீதம் குறைவு. ரத்தக் கொதிப்பு சுமார் 20 சதவீதம் குறைவு. ஆறு மாதத்துக்குப் பிறகு, அதாவது சோறு ஊட்டத் தொடங்கும் பருவத்தில், கட்டுப்பாட்டின் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ரேஷன் கார்டை இவ்வளவு மரியாதையாகப் பேசிய ஆய்வு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கே: பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை?
– ஒரு அண்ணன், வயது 7, சிந்தாமணி

ப: மலைக்கோட்டையில் அன்று 150 கிலோவில் கொழுக்கட்டை; உச்சிப் பிள்ளையாருக்குப் பாதி, அடிவாரத்து மாணிக்க விநாயகருக்குப் பாதி. பூரணமும் மேல்மாவும் பாப்பா தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அவள் பங்கையும் நீயே சாப்பிடு.

கே: மாமனார் பாயசத்தில் விரலைத் தொட்டுக் குழந்தை நாக்கில் வைத்துவிடுகிறார். எப்படித் தடுப்பது?
– மருமகள், கே.கே. நகர்

ப: ஒரு விரலால் ஒன்றும் குடிமுழுகாது. உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை விரல்கள் என்று எண்ணுங்கள். மாமனாரிடம் மசித்த வாழைப்பழத்தையும் ஸ்பூனையும் கொடுத்து, 'நீங்கள் ஊட்டினால்தான் சாப்பிடுகிறான்' என்று சொல்லிப் பாருங்கள். கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்.

கே: நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்கள் பேரனுக்கு நீங்கள் எதுவும் கொடுத்ததே இல்லையா?
– பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

ப: பதினோராம் மாதம். திரட்டுப்பால் கிளறின கரண்டி. சமையலறைக் கதவுக்குப் பின்னால். அவன் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டான். மீதியை நான் நக்கினேன். மருமகள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.