மிச்சத்தில் பிறந்த பீரங்கி வண்டி

பிளாஸ்டிக் டாங்கி ஒட்டுகிற பழக்கமுள்ளவர்கள் வீட்டில் இரண்டு விதமான சேமிப்பு இருக்கும். முதலாவது, வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கும், பாகங்கள் அடைத்த கிட் பெட்டிகள். பரணிலும் பீரோ தலையிலும் இவை வளரும். இரண்டாவது, உதிரி டப்பா. ஒவ்வொரு கிட்டிலும் தேவைக்கு மேல் பாகங்கள் வரும். ஒரே டாங்கியின் முந்தைய மாடலுக்கு ஒரு சைலன்சர், பிந்தைய மாடலுக்கு இன்னொன்று. ஏதாவது ஒன்றைத்தான் ஒட்ட முடியும். மற்றது டப்பாவுக்குப் போகும். மண்வெட்டி, கோடாலி, பெட்ரோல் கேன், இழுவைக் கொக்கி, கடுகளவு விளக்கு என்று என் டப்பாவில் ஒரு படைப்பிரிவுக்கே தளவாடம் கிடக்கிறது. ஏற்றிப் போகத்தான் வண்டி இல்லை.

இந்த உதிரிகளைக் கலந்து, எந்தப் பெட்டியிலும் வராத ஒரு வண்டியைச் செய்வதற்குக் கிட்பாஷ் என்று பெயர். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்து விண்கலங்களின் மேல் குழாயும் பெட்டியுமாக ஒட்டியிருக்கிறதே, அதில் பல கடையில் வாங்கிய டாங்கி, விமானக் கிட்டுகளின் பாகங்கள்தாம். ஆகாயத்தையே அப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்றால், அம்பத்தூரில் ஒரு பீரங்கி வண்டி ஒட்டுவதா பெரிய விஷயம்? வீட்டில் இதைச் சிக்கனத் திட்டமாகத்தான் அறிவித்தேன்.

"பைசா செலவில்ல. வீட்ல இருக்கிறத வச்சே பண்ணப் போறேன்."

"நல்லதுங்க" என்றாள் மனைவி. ஏலச்சீட்டு பிடிக்க வருகிறவர்களிடமும் அவள் இதே குரலில்தான் "நல்லதுங்க" என்பாள்.

நான் தேர்ந்தெடுத்தது கேட்டபல்ட். நம் ராணுவத்தின் தானே நகரும் பீரங்கி. அதன் கீழ்ப்பாதி விஜயந்தா டாங்கி. இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்து, 1965 முதல் ஆவடியில் தயாரானது. எங்கள் ஸ்டேஷனிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். மேல்பாதி சோவியத் நாட்டு எம்-46 பீரங்கி, 130 மில்லிமீட்டர். டாங்கியின் கோபுரத்தைக் கழற்றி, உடம்பை நீட்டி, பக்கத்துக்கு ஆறாக இருந்த சக்கரத்தை ஏழாக்கி, நடுவில் பீரங்கியை உட்கார வைத்து, அதன் தலைக்கு மேல் ஒரு தகட்டுக் கூரையும் போட்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் பந்தல் போட்டது மாதிரி இருக்கும். குண்டு சுமார் 27 கிலோமீட்டர் போகும்; அம்பத்தூரில் நின்று சுட்டால் திருவள்ளூர்ப் பக்கம் விழும்.

அதாவது, நான் கிட்பாஷ் செய்யப் புறப்பட்ட வண்டியே ஒரு கிட்பாஷ்தான். உலகத்து ராணுவங்களுக்கு இது புதிதல்ல. 1942இல் ஜெர்மானியர்கள், தாங்கள் கைப்பற்றிய சோவியத் 76.2 மில்லிமீட்டர் பீரங்கிகளைச் செக் நாட்டு டாங்கியின் அடிப்பாகத்தில் ஏற்றி, மார்டர் 3 என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். அதுவும் 'இருக்கிறத வச்சே' செய்ததுதான். பில் எங்கே என்று கேட்க அவர்களுக்கு வீட்டில் ஆள் இல்லை.

அளவு 35இல் ஒரு பங்கு. ஏன் 35 என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஓர் அழகான காரணம் உண்டு. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கி கிட் போட்டபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற மாதிரி உடம்பின் அளவை வைத்தது. பிறகு கணக்குப் பார்த்தால் அது அசலில் சுமார் 35இல் ஒரு பங்கு. அன்றைக்குப் பேட்டரிக்கு விட்ட இடம், இன்றைக்கு உலகம் முழுக்கச் சட்டம். இந்தச் சட்டப்படி எம்-46இன் ஏழரை மீட்டர்க் குழாய் என் மேசையில் சுமார் 21 சென்டிமீட்டர் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். வீடு பெருக்குகிறவர்கள், தண்ணீர் பாட்டில் எடுக்க வருகிறவர்கள், சார்ஜர் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் மோதுவது அதில்தான்.

பீரங்கிக்குப் பரணில் ஒரு எம்-46 கிட் இருந்தது. பிரித்தேன். குழாயும் அதன் தொட்டிலும் எடுத்த பிறகு, இழுத்துப் போகும் ரப்பர் சக்கரங்களும் தரையில் ஊன்றும் இரண்டு நீளக் கால்களும் மிச்சம். டப்பாவுக்குப் போயின. அடுத்தது டாங்கிச் சக்கரம். சென்சூரியன் கிட் ஒன்றைத் தியாகம் செய்தேன். சக்கரம் அச்சாக அதே இல்லை, அரம் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அதற்கும் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் 12. எனக்கு வேண்டியது 14.

இந்த இடத்தில்தான் சிக்கனம் தன் உண்மையான முகத்தைக் காட்டும். இரண்டு சக்கரத்தைத் தனியாக எவனும் விற்பதில்லை. இன்னொரு சென்சூரியன் பெட்டி வாங்கினால் இரண்டு சக்கரம் போக 10 மிச்சம். கூடவே சக்கரமில்லாத இரண்டு டாங்கி உடம்புகள், இரண்டு கோபுரங்கள். மிச்சத்தைத் தீர்க்க ஆரம்பித்தால் மிச்சம் பெருகும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் இயற்பியல். கூரியர் பையனிடம் பெட்டியைக் கீழே கேட்டிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தேன். அவனும் கல்யாணமானவன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டியது. பிளாஸ்டிக்குக்கு நாங்கள் போடும் சிமெண்ட் என்பது பசை அல்ல; இரண்டு ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடும் திரவம். காய்ந்த பிறகு பிரிக்க முடியாது. பிரித்தால் அடுத்த பாகமும் கூட வரும். எஞ்சின் மேல் வலைக்கு டீ வடிகட்டி. கூரைக்கு மாத்திரை அட்டையின் ஈயத்தாள், இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு மேல் ஒட்டியது. ஏரியலுக்கு, பாகங்கள் கோத்து வரும் ஸ்ப்ரூ சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்தி மேல் காட்டி, இளகும்போது மெதுவாக இழுத்தால் தலைமயிர் மாதிரி நீளும். இதைச் செய்யும்போது யாரும் ஃபேன் போடக் கூடாது. மே மாதத்தில் இந்த நிபந்தனையைக் குடும்பத்திடம் ஏற்கவைப்பதற்குப் பதிலாக, நிஜ கேட்டபல்ட் ஒன்றை வாசலில் நிறுத்தியிருக்கலாம்.

எல்லாம் ஒட்டி முடித்த நிலையில் வண்டி பார்க்கச் சகிக்காது. ஜப்பான் கிட்டின் சக்கரம் பச்சை, சீனக் கிட்டின் பீரங்கி சாம்பல், ஷீட் வெள்ளை, புட்டி மஞ்சள், நடுவில் டீ வடிகட்டி. பிரைமர் அடித்ததும் எல்லாம் ஒரே நிறம். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்று சொன்னால் மிகையில்லை. ஆறாவது நிமிடம், தேய்க்காமல் விட்ட ஒவ்வொரு கீறலும் மேலே வந்து பல்லிளிக்கும்.

மணல் நிறமும் பச்சையும் அடித்து முடித்து, மாமாவைக் கூப்பிட்டேன். அம்மாவின் தம்பி. டாங்கிகளோடு காலமெல்லாம் புழங்கி ஓய்வுபெற்றவர். நெட்டும் போல்ட்டும் எண்ணுவார் என்று, பழைய புகைப்படங்களை அச்செடுத்துச் சாட்சியாகத் தயாராக வைத்திருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எண்ணெய்க் கறை எங்கடா?"

"என்ன மாமா?"

"எஞ்சின் பக்கம் இவ்ளோ சுத்தமாவா இருக்கும்? இது ஷோரூம் வண்டிடா."

நியாயம்தான். விஜயந்தாவுக்குள் இருந்தது லேலண்ட் எல்-60 எஞ்சின். இதே எஞ்சின் பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கியிலும் இருந்து, எண்ணெய் ஒழுகுவதற்குப் பேர் வாங்கியது. கறுப்பும் பழுப்பும் கலந்து எஞ்சின் மூடியில் வழியவிட்டேன். மாமா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம்... அங்க ஒரு சொட்டு... போதும்" என்று, வடைக்கு எண்ணெய் ஊற்றும்போது அத்தைக்குச் சொல்வதற்கு நேரெதிரான தாராளத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி காபி கொண்டுவந்தவள் வண்டியைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள், நிஜமாகவே. பிறகு மேசையோரம் டப்பாவைப் பார்த்தாள். மூடி மூடவில்லை.

"இதுல சக்கரமா கெடக்கே?"

"பத்து மிச்சம்மா" என்றார் மாமா, நான் வாயைத் திறப்பதற்குள். "கேட்டபல்ட்ல மார்க் 2ன்னு ஒண்ணு வந்துதுடா. அதே பீரங்கிதான். கீழ மட்டும் அர்ஜுன் டாங்கி. அந்தச் சக்கரத்த வச்சு அதையும் பண்ணிடலாமே, செலவே இல்லாம."

அர்ஜுனுக்குப் பக்கத்துக்கு ஏழு சக்கரம். நாலுதான் குறைகிறது.