காவிரி ஷிப்டு வேலை பார்த்த கதை

தஞ்சாவூர்க்காரனிடம் தங்கம் எங்கே விளைகிறது என்று கேட்டால் நகைக்கடைத் தெருவைக் காட்டுவான். எங்கள் வண்டலில் தோண்டினால் தண்ணீர் வரும், களிமண் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் ஐம்பொன் சிலை வரும், அதன் பின்னாலேயே தாசில்தார் வருவார். தங்கம் மட்டும் வராது.

அப்படியிருந்தும் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன் கொட்டிக் கிடக்கிறது. ராஜராஜன் கொடுத்த பாத்திரங்களை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். சேரனையும் பாண்டியனையும் அடித்து எடுத்து வந்த பண்டாரத்திலிருந்து கொடுத்தது எது என்பதையும் ஒளிக்காமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். வருமான மூலத்தைக் கேட்காமலே கல்லில் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அதே ராஜராஜன் காலத்தில், 1004 வாக்கில், சோழப்படை கங்கவாடிக்குள் புகுந்து தலக்காட்டைப் பிடித்தது. கோலார்ச் சீமை 'நிகரிலிச் சோழ மண்டலம்' ஆயிற்று. ஆக, கோலார் தங்கவயலுக்கு நான் சுற்றுலாப் பயணியாகப் போகவில்லை; பழைய ஜமீன்தார் வீட்டுப் பேரன், விற்றுப்போன தோப்பைப் பார்க்கப் போகிற தோரணையில்தான் போனேன். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகிற ரயிலில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

சோழர் வந்து எண்ணூறு வருஷம் கழித்து ஜான் வாரன் வந்தார். திப்பு விழுந்தபின் மைசூர் எல்லையை அளந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் படை அதிகாரி. தங்கம் இருப்பதாக 1802-ல் காதில் விழ, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசி, பொன்துகளைக் காட்டினார்கள். பரம்பரையாகத் தெரிந்த தொழிலை அவர்கள் காட்ட, கண்டுபிடித்தவர் என்று வாரன் பெயர் நின்றுவிட்டது.

அவர் எழுதியது 1804-ல் அச்சானது. நியூசிலாந்தில் மாவோரிகளோடு சண்டை போட்டுவிட்டு பெங்களூரில் வந்து உட்கார்ந்திருந்த லாவெல் என்ற ஐரிஷ்காரர் அதைப் படித்துவிட்டு 1871-ல் மாட்டுவண்டி கட்டிக் கிளம்பினார். அறுபது வருஷத்துக்கு மேல் பழைய பத்திரிகை. நம் வீடாயிருந்தால் எப்போதோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்போம். 1875-ல் குத்தகை வாங்கினார், தோண்டினார், கைக்காசு கரைந்தது, உரிமையை விற்றுவிட்டுப் போனார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. அவர்களும் நல்ல ரீஃபை, அதாவது தங்கம் ஓடும் பாறை நாளத்தைப் பிடித்தது, பழங்காலத்தவர் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கு அடியில்தான்.

இனிமேல்தான் எங்கள் வீட்டு விவகாரம். ஆடிப்பெருக்கன்று காவிரி அம்மாவுக்கு மசக்கை என்று சித்திரான்னம் செய்து, காதோலை கருகமணி விட்டுக் கொண்டாடுகிறோம். அந்தக் கர்ப்பிணியை 1902-ல் மைசூர் சமஸ்தானம் ஷிப்டு வேலைக்கு அனுப்பிவிட்டது. சிவசமுத்திரம் அருவியில் அவளை விழவைத்து மின்சாரம் எடுத்து, சுமார் 92 மைல் கம்பி இழுத்துத் தங்கச் சுரங்கத்துக்குக் கொடுத்தார்கள். சமஸ்தானத்துக்குள்ளேயே பெங்களூர்த் தெருவிளக்குக்கு 1905 வரை பொறுக்கச் சொன்னார்கள் என்றால், மாயவரம் எந்த மூலை?

சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் ஆற்றுக்கே திரும்பியது, அதில் குற்றமில்லை. கோடைதான் வினை. ஆறு இளைத்தால் சுரங்கத்தில் மின்சாரம் இளைக்கும். வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு வேறு இருக்கிறது. ஆகவே தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும் என்று விஸ்வேஸ்வரய்யா கண்ணம்பாடியில் அணை கட்டத் திட்டம் போட்டு, 1911-ல் வேலையும் தொடங்கியது. மைசூர்ப் பாசனம் இன்னொரு காரணம். சென்னை மாகாணம் கத்தியது. 1914-ல் கிரிஃபின் என்ற நீதிபதி மத்தியஸ்தம் சொன்னார். அதையும் ஏற்காமல் இழுத்து, 1924-ல் ஒப்பந்தம். சென்னையும் சும்மா இல்லை, 1934-ல் மேட்டூரைக் கட்டி முடித்தது. ஜூன் 12 மேட்டூர் திறக்குமா, குறுவை தேறுமா என்று இன்றும் டீக்கடையில் தலையைச் சொறிகிறோமே, அந்தப் பஞ்சாயத்தின் ஒரு நுனி இந்தச் சுரங்கத்து மோட்டாரில் கட்டியிருக்கிறது. நடுவர் மன்றத்தில் இரண்டு மாநிலமும் எத்தனை டி.எம்.சி. பேசின! அந்தத் தங்கத்தில் எங்களுக்கு ஒரு மூக்குத்தியாவது உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

மாரிக்குப்பத்தில் இறங்கினால் எங்கு பார்த்தாலும் தமிழ். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே கொதிக்கிற ஆழத்துக்கு இறங்கியவர்கள் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள். எங்கள் பண்ணையாட்கள் மிராசுதாரிடம் தப்பித்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போன காலத்தில், இவர்கள் பூமிக்குள் போனார்கள். மேலே துரைகளுக்கு பங்களா, கிளப், கோல்ஃப்; ஊருக்குச் செல்லப்பெயர் 'குட்டி இங்கிலாந்து'. கீழே வேலை பார்த்தவர்களுக்குத் தகரமும் தட்டியும் சேர்ந்த லைன் வீடு. அந்த வீடுகளில்தான் அயோத்திதாசர் வழி பௌத்த சங்கம் வேரூன்றியது. அவர் காலத்துக்குப் பிறகு 'தமிழன்' பத்திரிகையும் இங்கிருந்து வந்தது. தஞ்சாவூர் சதிர்க் கச்சேரியில் தலையாட்டிய நாளில் தங்கவயல் சாதியைக் கேள்வி கேட்டு அச்சடித்துக்கொண்டிருந்தது. என் ஜமீன்தார் தோரணை இங்கே கழன்றுவிட்டது.

எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த சுரங்கத்தை, கட்டுப்படியாகவில்லை என்று 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். மிச்சம், சாம்பல் நிறத்தில் சயனைட் மண் மலைகள். சினிமாக்காரர்கள் வந்து அதன்மேல் சண்டைக்காட்சி எடுக்கிறார்கள். சுரங்கத்தார் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். பொன் கிடைத்த காலத்தில் அவர்கள் அப்பாக்களுக்கும் விடியலைப் பார்க்கும் ஷிப்டு கிடைத்ததில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளி கோலார் நகரத்துக்குப் போங்கள்; கோலாரம்மா கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அங்கே தரைக்குள் குடைந்த உண்டியல் ஒன்றும் உண்டு. காலங்காலமாகக் காசு விழுகிறது, யாரும் திறந்ததில்லை என்கிறார்கள். சில்லறையாகவே கொண்டு போங்கள்.