கேளுங்கள், தாளம் தப்பாமல் சொல்கிறேன்

கேள்வி: தொண்ணூறுகளின் ஆட்டப் பாட்டுகளில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (மெர்லிமாவ் வாசகி)

பதில்: 'பேட்டை ராப்'. சண்டைக்கு வருபவர்கள் அடுத்த பதிலைப் படித்துவிட்டு வரவும்.

கேள்வி: அந்தக் காலத்து ஆட்டப் பாட்டெல்லாம் வெள்ளைக்காரனிடம் சுட்டதுதானே? அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்களே! (ஜாசின் வாசகர்)

பதில்: சுட்டவர்கள் இருந்தார்கள். அதற்காக எல்லாரையும் ஒரே கூண்டில் ஏற்றலாமா? 1994இல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'பையே எடுத்துக்கொள்வோம். சுரேஷ் பீட்டர்ஸும் சாகுல் ஹமீதும் பாட, கூடவே நாட்டுப்புறப் பாடகி தேனி குஞ்சரம்மாள் குரல் கொடுக்கிறார். ராப் அமெரிக்காவில் பிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் கேட்பது சென்னைப் பேட்டையின் பேச்சு, நடுவில் புகுவது தேனிச் சீமையின் கிராமத்துக் குரல். எந்த அமெரிக்க இசைத்தட்டில் அது இருந்தது? வயலினும் கப்பலேறி வந்ததுதான். அதை இறக்கிவிட்டுக் கச்சேரி நடத்தச் சொல்வீர்களா? கருவி யாருடையது என்பதைவிடப் பேசும் நாக்கு யாருடையது என்று பார்ப்பதே நியாயம். அதுவும் மலாக்காவில் இருந்துகொண்டு கலப்பைக் குறை சொல்லலாமா? காஜா பெராங்கில் தமிழ் வழி வந்த மலாக்காச் செட்டிகள் வீட்டில் மலாய் பேசிக்கொண்டே, 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை இன்றும் தங்கள் கோயிலாகவே போற்றுகிறார்கள். கலந்ததால் அவர்கள் கரைந்துவிட்டார்களா? சரி, அமெரிக்கக்காரர் நம்மிடம் வாங்கவில்லையா? 2014இல் ராப் பாடகர் வில்.ஐ.ஆம் அதே 'காதலன்' படத்து 'ஊர்வசி ஊர்வசி'யை வைத்துத்தான் ஒரு பாட்டுக் கட்டினார்.

கேள்வி: பிரபுதேவாவா, மைக்கேல் ஜாக்சனா? (பூலாவ் செபாங் வாசகர்)

பதில்: பிரபுதேவா. ஜாக்சன் வேட்டி கட்டி ஆடியதில்லை.

கேள்வி: பழைய கேசட்டுகள் எங்கே கிடைக்கும்? (அலோர் காஜா வாசகர்)

பதில்: கேசட் கிடைத்துவிடும். போட்டுக் கேட்கும் பெட்டியை முதலில் தேடுங்கள்.

கேள்வி: இந்தப் பாட்டுகள்தாம் தோட்டத்துப் பையன்களைக் கெடுத்தன என்கிறார் அப்பா. உண்மையா? (தெபோங் வாசகி)

பதில்: அப்பாவின் கவலை நியாயம், அவர் காட்டும் குற்றவாளிதான் தவறு. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், ஆள் தேவை குறைந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்குக் கைமாறின. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது என்பதால், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு அடி மண்ணும் இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலை பஸ்களில் ஏறினார்கள். பிரட்டுக்களம், கோயில், பள்ளி என்று ஒரே வட்டத்துக்குள் கண்காணித்து வளர்த்த உறவுகள் சிதறின. சிலர் வழி தவறியதற்கு வேர் அங்கே இருக்கிறது. "அடிதடிக்காரர்களும் இதே பாட்டைத்தானே போட்டார்கள்?" என்பார் அப்பா. கல்யாண வீட்டிலும் தீபாவளியிலும் ஓடியது அதே கேசட்தான். பாட்டு என்ன கற்றுக்கொடுத்தது என்றும் பாருங்கள். அதே 'காதலன்' படத்து 'முக்காலா முக்காபுலா'வின் கடைசியில் தலை, கை, கால் எல்லாம் மறைந்து பிரபுதேவாவின் உடுப்பு மட்டும் ஆடும். தந்திரம் கேமராவுடையது, அதற்கு முன் வரும் அடிகள் உடம்பால் உழைத்து வந்தவை. அந்த அடிகளைத் திருவிழா மேடையில் எட்டுப் பேர் பிசகாமல் போட வேண்டுமானால், மாலைகளை எல்லாம் ஒத்திகைக்குக் கொடுக்க வேண்டும், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும். தோட்டம் கலைந்த காலத்தில் அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வைத்தது இந்த ஆட்டம். இதை மனமாரச் சொல்கிறேன்.

கேள்வி: ரீமிக்ஸ் என்றாலே எரிந்து விழுகிறீர்கள். யோகி பியின் 'மடை திறந்து' மட்டும் இனிக்கிறதா? (மலாக்கா நகர் வாசகர்)

பதில்: இனிக்கிறது! பழைய பாட்டின் அடியில் மேளத்தை மட்டும் கூட்டுவது ரசத்தில் தண்ணீர் ஊற்றுவது. நம் நாட்டு யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பில் செய்தது வேறு. 'நிழல்கள்' படத்து இளையராஜா மெட்டைப் பிடித்துக்கொண்டு, தங்கள் சொல்லை அதில் ஏற்றினார்கள். அந்தத் துணிவு ஒரே நாளில் வரவில்லை. யோகி பி இருந்த போயட்டிக் அம்மோ குழு, 1998லேயே ஆங்கிலம், மலாய், கண்டோனீஸ் மொழிகளோடு தமிழையும் ஒரே தொகுப்பில் ராப் பாட வைத்தது. நம் நாட்டுப் பாடகர் டார்க்கி நாகராஜாவின் 'அக்கா மக'வும் சென்னையைக் கேட்காமலே நம் கல்யாண மண்டபங்களை ஆட வைத்தது. ஆகவே திருவிழா மேடை போடும் இளைஞர் மன்றங்களே, சென்னைப் பாட்டு ஐந்து போட்டால் நம் நாட்டுப் பாட்டு இரண்டையாவது போடுங்கள். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். சொல் காதில் விழ வேண்டும்.