கம்பளிக்குள் நுழைவது எப்படி?

ஜூன் பிறந்தால் எங்கள் கோடைக்கானல் மலைப் பள்ளங்கியில் அட்வைஸ் சீசன். காலேஜ் சேரப் பெட்டியோடு மலை இறங்கும் பிள்ளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். "யார்கிட்டயும் கடன் வாங்காத" என்பார் மாமா (அப்பாவிடம் வாங்கியதையே இன்னும் திருப்பாதவர்). "வேளைக்குச் சாப்பிடு" என்பாள் அப்பத்தா, பையில் மலைப்பூண்டைத் திணித்தபடி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, சும்மாவா! படிப்பைப் பற்றி மட்டும் ஒருத்தரும் மூச்சு விட மாட்டார்கள்.

சிரிக்காதீர்கள். கணித மேதை ராமானுஜத்துக்கும் இதே கதைதான். 1914-ல் கேம்பிரிட்ஜ் கிளம்பியவருக்கு வீட்டில் நடந்த ஸ்பெஷல் கிளாஸில் சிலபஸ் ஒரே வரி: அசைவம் தொடாதே.

அதற்கு முன்னால் கடல் தாண்டவே பர்மிஷன் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி கடிதம் போட்டார். அவருடைய சகா நெவில் சென்னைக்கே வந்து பேசினார். அம்மா கோமளத்தம்மாள் கணக்கில் அதெல்லாம் சேரவில்லை. கடைசியில் குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து, பையனைத் தடுக்காதே என்றாளாம். அட்மிஷன் கமிட்டி நாமக்கல்லில் இருந்திருக்கிறது, பாவம், கேம்பிரிட்ஜுக்கு அது தெரியவில்லை.

அடுத்து குடுமி. அதை எடுத்துவிட்டு கிராப் வைக்க வேண்டும். நம் ஆள் என்ன செய்தார்? அம்மாவையும் மனைவியையும் முதலில் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றினார். அப்புறம்தான் கத்திரி. முடிவிலியையே முறைத்துப் பார்த்தவர், அம்மா முகத்தைப் பார்க்கப் பயந்திருக்கிறார்!

உருப்படியான அட்வைஸ் சொல்லத் தகுந்த ஒருவர் இருக்கத்தான் செய்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர். ஆபீஸ் சிம்லாவில், நம் கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் அவர்தான் பெரிய துரை. 1913-ல் அவர் எழுதிய சிபாரிசால் ராமானுஜத்துக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. வாழ்க! ஆனால் குளிரிலேயே குடித்தனம் நடத்திய மனிதர், "தம்பி, ராத்திரி எப்படிப் படுக்கணும்னு தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் ராமானுஜத்துக்கு அது தெரியவில்லை. கேம்பிரிட்ஜில் ஒரு குளிர்காலத்தில், பின்னாளில் புள்ளியியலில் கொடிகட்டிப் பறந்த மகலனோபிஸ் விசாரித்தார்: கதகதப்பாகத் தூங்குகிறீர்களா? ஓவர்கோட் போட்டு, சால்வையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன், அப்படியும் குளிருகிறது என்றார் மேதை. போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகளை ஜம்மென்று மடித்து ஓரமெல்லாம் செருகி வைத்திருக்கிறது. நம்மவர் அத்தனைக்கும் மேலே ஏறிப் படுத்திருக்கிறார்! மகலனோபிஸ் கம்பளியை விலக்கி, உள்ளே நுழைவது எப்படி என்று டெமோ காட்டினார். கும்பகோணத்துப் புழுக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை எந்த அம்மா சொல்லித்தருவாள்? பள்ளங்கி அப்பத்தா ஒருத்தியைக் கப்பலில் கூடவே ஏற்றிவிட்டிருக்க வேண்டும். பூண்டு ரசமும் கிடைத்திருக்கும்.

ரசம் அவரே வைத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். சைவச் சத்தியத்தைக் காப்பாற்ற டிரினிட்டி கல்லூரி அறையிலேயே சமையல். கொட்டை எடுத்த புளி அனுப்பு என்று ஊருக்குக் கடிதம் வேறு.

அதற்குள் முதல் உலகப்போர் வெடித்துவிட்டது. அம்மா பயப்படுவாளே! உடனே எழுதினார்: சண்டை இங்கே இல்லை, பக்கத்து நாட்டில்தான், நமக்கு ரங்கூன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருந்த கடல், ஒடுங்கிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். கோடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்குவதில் பாதிதான்.