கேள்வி-பதில்: காது குத்தியாச்சு, கேட்கத்தான் வரலை!

கேள்வி: கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவர் எந்தப் பாட்டுக்கும் சட்டென்று கார்டு பிடிக்கிறார். எனக்கு அந்தக் காது வருமா? மூன்றுக்கு நான்கு தாளமும் பிடிபடவில்லை.
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: வரும். பாடகியை மறந்துவிட்டு பேஸ் கிதாரின் பின்னால் போங்கள். (கஷ்டம்தான்.) அது ச, ப, த, ம என்று நடந்தால், உலகம் முழுக்கப் பாப் பாட்டுக்காரர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய வரிசை அது. நான்கில் 'த' மட்டும் மைனர்; அந்த இடத்தில் பாட்டு லேசாக மூக்கை உறிஞ்சும்.

தாளத்துக்கு, 'தகதிமி'யை மூன்று முறை சொல்லுங்கள். மொத்தம் 12 எழுத்து. ஒவ்வொரு 'தகதிமி'யின் தொடக்கத்திலும் வலது கை; மூன்று எழுத்துக்கு ஒருமுறை இடது கை. இடது கை த, மி, தி, க என்ற எழுத்துகளில் விழுந்தால் கணக்கு சரி. இந்த லயக் கணக்குகளைச் சொல்லிக்கொடுக்க நம் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1971-இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகம் வரை போனார். உங்களுக்கு விசா வேண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழகுங்கள். உங்கள் தொடையில்.