ரொறன்ரோ அண்ணாவின் துணிப்பை

2022இல் பூமியைக் காப்பாற்ற வெள்ளவத்தை பட்ட பாட்டுக்கு ஐக்கிய நாடுகள் சபை ஒரு பொன்னாடையாவது போர்த்தியிருக்க வேண்டும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கறண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. ஐந்தாம் மாடி ஆச்சிமார் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே படியேறினார்கள். ஓகஸ்டில் நாடு முழுக்கப் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு: காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5. டை கட்டிய கனவான்கள் காலி வீதியில் சைக்கிள் மிதித்தார்கள். அதே மாதம் கறண்ட் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் கத்துவது அதுவரை அப்பாவின் வேலை. பிறகு பிள்ளைகளும் கத்தத் தொடங்கினார்கள்.

பெற்றோல் தாராளமாக வந்ததும் சைக்கிள் பல்கனிக்குப் போனது. இப்போது அதில் துவாய் காய்கிறது.

இந்தத் தவமொன்றையும் காணாத ரொறன்ரோ அண்ணா, 2025 நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் தங்கினார். வெளிக்கிட்டால் தோளில் துணிப்பை. மரக்கறிக்கடைக்காரர் கத்தரிக்காயைச் சொப்பின் பையில் போட, "ஐயா, இதால கடலில ஆமையள் சாகுது" என்றார். கடைக்காரர் மரைன் டிரைவ் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வெண்டிக்காயை நிறுத்தார். அந்த நவம்பரிலேயே, கைபிடிப் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது, காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆமைக்கு இரங்காத சனம் சில ரூபாய்க்கு இரங்கி, வீட்டிலிருந்து பை கொண்டுபோகிறது. உபதேசத்தைவிட பில்லுக்கு வலு அதிகம் என்பது என் கட்சி.

கொட்டாஞ்சேனை மாமி வீட்டிலும் அண்ணா விடவில்லை. இறைச்சியைக் குறைக்க வேண்டும், பஸ்ஸில் போக வேண்டும் என்று அடுக்கினார். வெள்ளி, செவ்வாய் மச்சம் தொடாத, 155ஆம் இலக்க பஸ்ஸைத் தவிர வேறு வாகனம் அறியாத மாமி பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. கனடாவில இருந்து நீ நீந்தியே வந்தனீ?"

கணக்கு மாமியின் பக்கம்தான். இலங்கையில் ஆளுக்கு ஒரு வருடத்தில் சேரும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நாலு தொன்னுக்கு மேல். ரொறன்ரோவிலிருந்து விமானத்தில் வந்துபோக ஒருவர் பங்கு மட்டும் இரண்டு தொன்னைத் தாண்டும். அண்ணா ஒருக்கால் தேர் பார்ப்பதும் மாமி இரண்டு வருடம் சீவிப்பதும் ஒன்று. அன்றிரவும் அண்ணா ஏசியை 18இல் விட்டு, இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு படுத்தார்.

ஓகஸ்டில் வரப்போகும் உறவுகளே, கட்டாயம் வாருங்கள். ஆனால் வருடாவருடம் வராமல், இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் வந்து இரண்டு மடங்கு நாள் நில்லுங்கள். துணிப்பை சுமக்க வேண்டாம். புடவைக்கடைப் பைகள் எங்கள் அலுமாரி நிறைய இருக்கின்றன. கோட்டைக்குப் போக வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் நிற்கும். ஏசியை 26இல் விட்டு ஃபானையும் போடுங்கள். போகமுன் லைட் பில்லை ஒருக்கால் வாங்கிப் பாருங்கள். கட்டினாலும் நாங்கள் தடுக்கமாட்டோம்.