இன்னும் ரெண்டு கிளிக்

விழுப்புரத்தில் மலை கிடையாது. ஊருக்குள் மூச்சு வாங்க ஏற வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலம்தான். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் மலைச் சைக்கிள் கட்டிக்கொண்டிருக்கிறார். வாங்கவில்லை, கட்டுகிறார். வீடு கட்டுவதுபோல. மூன்று வருஷமாகிறது. வீடாக இருந்திருந்தால் இந்நேரம் மாடிக்கு வாடகைக்கு ஆள் வந்திருக்கும்.

இவரை ஒற்றை ஆளாக எண்ணிவிடக் கூடாது. இது ஒரு வம்சம். தாத்தா காலத்தில் வால்வு ரேடியோவைப் பிரித்துப் பூட்டியது, அப்பா காலத்தில் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியது, இப்போது முன்னும் பின்னும் ஷாக் வைத்த சைக்கிளில் வந்து நிற்கிறது. கார் நிற்க வேண்டிய இடத்தில் சக்கரம் தரையில் படாமல் சைக்கிள் தொங்கும். கார் தெருவில் வெயில் காயும்.

போனவுடன் அவர் கேட்பது, "உங்க வெயிட் என்ன சார்?" நலம் விசாரிக்கிறார் என்று நானும் முதலில் ஏமாந்தேன். விஷயம் வேறு. அந்த ஷாக்குக்குள் இருப்பது காற்று. ஆள் ஏறி உட்கார்ந்தால் பின்ஷாக், தான் அமுங்கக்கூடிய மொத்த தூரத்தில் முப்பது சதவீதம் அமுங்க வேண்டும். இவருடையது 55 மில்லிமீட்டர், ஆகவே பதினாறரை. அதற்குப் பெயர் சேக். தண்டில் மாட்டிய ரப்பர் வளையம் எதுவரை நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். கூடினால் காற்றை ஏற்று, குறைந்தால் இறக்கு. எல்லாம் ஓட்டுபவரின் எடையைப் பொறுத்தது. பொங்கல் முடிந்ததும் இவர் எடை 78-லிருந்து 80 ஆகிவிடும், மறுபடி முதலிலிருந்து.

ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை வேண்டாம் என்று கையை மறித்தார். "சுகரா சார்?" என்றார் பரிமாறியவர். "இல்லை, சேக்." புது வியாதி போலிருக்கிறது என்று அவர் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு என் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினார்.

காற்று போனால் கிளிக். ஷாக்கில் கிளிக் கிளிக் என்று திரும்பும் ஒரு சின்னத் திருகு உண்டு. அமுங்கியது எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்பது அதன் பொறுப்பு. இறுக்கினால் மெதுவாக எழும்பும், தளர்த்தினால் துள்ளும். "எப்ப சார் வெளியில எடுப்பீங்க?" என்றால் மூன்று வருஷமாக ஒரே பதில்: "இன்னும் ரெண்டு கிளிக் இருக்கு."

உதிரிப் பாகங்கள் வந்த கதை தனிப் புராணம். பின்ஷாக், மச்சினரின் வேட்டிக்குள் சுருட்டப்பட்டு சிங்கப்பூரிலிருந்து வந்தது. பின்சக்கரத்தின் ஹப் 142 மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்தது. ஃபிரேம் கேட்டதோ 148. ஆறு மில்லிமீட்டருக்கு எட்டு மாதம் காத்திருந்தார். சீட் கம்பி 30.9 வேண்டியதற்கு 31.6 வாங்கிவிட்டார். "ஏங்க, முக்கால் மில்லிமீட்டர்கூட வராத வித்தியாசத்துக்கு இன்னொரு கம்பியா?" என்று அம்மையார் கேட்டது தெருவுக்கே கேட்டது. நியாயமான கேள்வி என்பதால் அவர் பதில் சொல்லவில்லை.

ஒருநாள் சக்கரத்தில் கோட்டம் எடுக்க, ஐம்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனார். பெரியவர் போக்கம்பிகளை விரலால் சுண்டிக் காதாலேயே கோட்டத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டார். பிறகு சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார். "எல்லாம் சரி சார். கேரியர் எங்க மாட்டுவீங்க?"

திண்டிவனத்தில் இவருக்கு ஒரு ஜோடி உண்டு. அவர் சுருள் ஸ்பிரிங் கட்சி, இவர் காற்றுக் கட்சி. ஷாக்குக்குச் சாதாரண சைக்கிள் பம்பு ஆகாது. சின்ன அறைக்குள் பெரிய அழுத்தம் என்பதால் தனிப் பம்பு வேண்டும். இருவருக்குமாக ஒரே பம்பு. ஸ்பிரிங் கட்சிக்காரருக்கும் முன்ஃபோர்க் காற்றுதான், ஆகவே அவருக்கும் பம்பு தேவை. இன்னொன்று வாங்கப் பணமில்லாமல் இல்லை. வாங்கிவிட்டால் வாராவாரம் சந்திக்க என்ன சாக்கு சொல்வது? விக்கிரவாண்டி டீக்கடையில் பம்பு கைமாறும். இருவருமே பஸ்ஸில்தான் வருவார்கள். "ஜி.எஸ்.டி. ரோட்டுல ஓட்டினா பட்டன் டயர் தேஞ்சிடும் சார்."

சரித்திரமும் தெரிந்து வைத்திருக்கிறார். 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய தடிச் சைக்கிள்களை மலையிலிருந்து உருட்டிவிட்டதில் பிறந்ததாம் இந்த விளையாட்டு. இறங்குகிற வேகத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகையும். பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 1976-இல் தொடங்கிய பந்தயத்துக்கே அதனால்தான் 'ரீபேக்' என்று பெயர். நம்மூர் பாஷையில் ஓவராயில். அங்கிருக்கும் மலையின் பெயர் டமல்பைஸ். "பேரிலேயே தமிழ் இருக்கு, கவனிச்சீங்களா?" என்பார். கவனித்தேன் என்று சொல்லிவிடுவது உடம்புக்கு நல்லது.

செஞ்சிக்குப் போகலாமே என்றேன். அங்கே ராஜகிரி மலை எண்ணூறு அடி. ஆனால் படிக்கட்டுக் கோட்டையில் சைக்கிளை யார் ஏற்ற விடுவார்கள்? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சைக்கிளையும் குட்டியானையில் ஏற்றி, ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளுக்குப் போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த மேடுபள்ளத்தில் சக்கரம் மண்ணை விடாமல் தழுவிக்கொண்டு இறங்கியது, அவர் முதுகு அசையவே இல்லை. முகத்தில் பத்து வயசுப் பையன். சரியாக இருபது நிமிஷம்.

பிறகு 'கிறீச்' என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டார். அரசு கொடுத்த பள்ளிக்கூடச் சைக்கிளில் பின்னால் ஒருத்தனை ஏற்றிக்கொண்டு வந்த பையன், அதே பள்ளத்தில் குலுங்கி இறங்கி, "என்னாண்ணா, செயின் கழண்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

சத்தத்தைத் தேடி இரண்டு மாதம் முழு ஓவராயில். கடைசியில் பெரியவர் தரையில் குந்தி, சைக்கிளைச் சுற்றச் சொல்லாமல் இவரை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். "சைக்கிள்ல ஒண்ணுமில்ல சார். முட்டி."

சைக்கிளின் மீட்டரில் இன்றைக்கு 61 கிலோமீட்டர் காட்டுகிறது. பம்பு எவ்வளவு தூரம் போய்வந்திருக்கிறது என்பதை விழுப்புரம்–திண்டிவனம் பஸ் கண்டக்டர்களைத்தான் கேட்க வேண்டும்.